முள் அசையாத நாள்

எங்கள் தெருவில் துணி காயப்போடுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. என் அக்கா வீட்டுக்காரரின் கடையைத்தான் பார்ப்பார்கள். பட்டப்பகலில் அந்த ஷட்டர் கடகடவென்று இறங்கினால் போதும், மொட்டை மாடிகளில் ஆள் ஓட்டம் தெரியும். எதிர்ப்புறம் மெத்தைக் கடைக்காரர் வெயிலில் பரப்பிய பஞ்சை வாரிச் சுருட்டுவார். பழைய புத்தகம் விற்கிறவர் தார்ப்பாயை இழுத்து மூடுவார். பாதிக்கு மேல் மழையும் வந்துவிடும். அதனால் அத்தானுக்குத் தெரு வைத்த பெயர் மழைக்கண்ணாடி. மனிதர் விற்பது மூக்குக்கண்ணாடி.

அவர் ஒருநாளும் மழைக்காகக் கடையைச் சாத்தியதில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அதே கட்டடத்தின் உச்சியில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கீழே அத்தான் கடை, அதற்கு மேலே அவர்கள் வீடு, நடு மாடியில் யார் யாரோ வருவார்கள் போவார்கள், மேலே நான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அக்கா வீட்டில் இரண்டே பேர். என்னையும் சேர்த்தால் இரண்டரை என்பார் அத்தான். என் வாய்க்கு மட்டும் தனி இலக்கம் போட வேண்டும் என்றும் சொல்வார்.

அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி. சின்ன வயதிலிருந்தே உண்டு. வந்தால் நாள் முழுக்கப் படுக்கைதான். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, அடுப்பு வாசனை ஆகாது. கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலைவலி என்றாலே பார்வைக் கோளாறுதானே? கல்யாணமான புதிதில், எடுத்த எடுப்பில் அக்காவுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். தலைவலி நிற்கவில்லை. பவரை மாற்றினார். அப்புறம் லேசாக நிறம் போட்ட கண்ணாடி. அதற்கப்புறம் மூக்கில் அழுத்தாத ஃபிரேம். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அக்காவின் கண்ணாடிகள். தலைவலி தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. “அவர்கிட்ட அதுதானே இருக்கு, அதைத்தானே குடுப்பாரு” என்பாள் அக்கா. நானாக இருந்தால் நாலாவது கண்ணாடியை அவர் மூக்கிலேயே மாட்டியிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கடைக்கு வந்து, உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார். மூடியைத் திறந்தால் கடிகாரம் மாதிரி இருந்தது. மேல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதே அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

“ரெண்டு முள்ளும் நிக்குதே, கடிகாரத்தையும் பார்க்கணுமா?” என்றார் அத்தான்.

“கடிகாரம் இல்லங்க. பாரோமீட்டர். காத்தோட பாரத்தைக் காட்டும். காத்து கனத்தா கறுப்பு முள் ஏறும், வானம் தெளிவா இருக்கும். காத்து லேசானா இறங்கும், மழை வரும். இந்தப் பித்தளை முள் தானா அசையாது. நாமதான் திருப்பி, இப்ப கறுப்பு முள் எங்க இருக்கோ அதுக்கு மேல வச்சுக்கணும். அப்புறம் வந்து பார்த்தா எவ்வளவு நகர்ந்திருக்குன்னு தெரியும்.”

“ஓரத்துல மழை, வெயில்னெல்லாம் எழுதியிருக்கே?”

“அதை நம்பினா நனைய வேண்டியதுதான். முள் எங்க நிக்குதுங்கிறது பெரிசில்ல. எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு வேகமா போகுதுங்கிறதுதான் விஷயம்.”

சாமானை வைத்துவிட்டுப் போனவர் உடனே திரும்பி வரவில்லை. அத்தான் கண்ணாடி வெட்டிப் பொருத்திவிட்டு, தினம் பொழுதுபோகாமல் அதைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் கறுப்பு முள் சரசரவென்று இறங்கியது. சாயங்காலம் மழை கொட்டியது. அதற்கு முன்பே, மதியமே, அக்கா படுத்துவிட்டாள். சில நாள் கழித்து மறுபடி முள் இறங்கியது, மறுபடி அக்கா படுத்தாள். அத்தான் பேயறைந்த மாதிரி மாடிக்கு வந்து என்னிடம் சொன்னார். “கண்ணு இல்ல, காத்து. இத்தனை வருஷமா நான் தப்பான இடத்துல தேடிட்டு இருந்திருக்கேன்.”

கப்பல்காரர் வந்தபோது, அதைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கூச்சத்தோடு கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். “நான் இப்ப எங்க கப்பல்ல போறேன்? மழை வந்தா ஜன்னலைச் சாத்தப் போறேன். வச்சுக்கோங்க.”

அன்றிலிருந்து பாரோமீட்டர் அத்தானின் சட்டைப் பையில் குடியேறியது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெறும் ‘முள்’. காலையில் எழுந்ததும் மூடியைத் திறப்பார், நகத்தால் கண்ணாடியில் மெல்ல ஒரு தட்டு தட்டுவார், ஒட்டிக்கொண்டிருக்கிற முள் விடுபடட்டும் என்று. பித்தளை முள்ளைத் திருப்பிச் சரியாக மேலே வைப்பார். காலையில் கொஞ்சம் ஏறுவதும் மதியத்துக்கு மேல் கொஞ்சம் இறங்குவதும் தினமும் நடப்பது, அதற்குப் பயப்படக் கூடாது, நேற்று இதே நேரம் எங்கே இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவராகவே கண்டுபிடித்தார். கற்றுக்கொண்ட வேகத்தில் அசடும் வழிந்தார். ஒருமுறை என் கண்ணாடிக்கு ஸ்குரூ போட்டுத் தர மேலே ஏறி வந்தவர், முள்ளைப் பார்த்துவிட்டு, “இறங்குது, இறங்குது!” என்று படியில் தடதடவென்று ஓடினார். கீழே போய்ப் பார்த்தால் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. மறுபடி மேலே வந்தார், இறங்கியிருந்தது. உயரத்தில் காற்று லேசாகும் என்பது அப்புறம்தான் அவருக்குப் பிடிபட்டது. அதன் பிறகு என் வீட்டுக்கு வந்தால் அந்த டப்பாவைத் திறப்பதில்லை. “உன் வீட்ல எப்பவும் புயல்தான்” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

கேலி இருக்கட்டும். அந்த டப்பா அக்காவுக்குச் செய்த நல்லதை நான் மறுக்க மாட்டேன். வலி வந்த பிறகு போட்டால் கேட்காத மாத்திரை, வருவதற்கு முன்பே போட்டால் கேட்டது. முள் இறங்க ஆரம்பித்ததும் அத்தான் ஷட்டரை இழுத்துவிட்டு மாடியேறுவார். நான் தைத்துக் கொடுத்த தடித்த திரையை இழுத்து விடுவார். ஃபிரிட்ஜின் ரீங்காரம் கூட ஆகாது என்று அதை அணைப்பார். வாசல் மணியின் ஒயரைக் கழற்றி வைப்பார். அடுப்பு வேலையை முடித்து ஜன்னலைத் திறந்து வாசனையை விரட்டுவார். வலி வந்து பார்த்தால் வீடு தயாராக இருக்கும். எங்கள் சுற்றத்தில் பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மாப்பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அத்தானைத் தலையில் தூக்கி வைத்து ஆடலாம் போல இருக்கும்.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியக் கூடாது என்று அக்காதான் சொல்லியிருந்தாள். “எனக்குத் தலைவலின்னு தெருவே துக்கம் விசாரிக்கணுமா? மழைன்னே நினைச்சுக்கட்டும்.” மழை வராத நாட்களில் மெத்தைக் கடைக்காரர் அத்தானிடம் சண்டைக்கு வருவார். “உங்களை நம்பிப் பஞ்சை அள்ளிட்டேன், இப்ப பாருங்க, வெயில் பல்லை இளிக்குது.” அத்தான், “நான் ஒண்ணும் சொல்லலையே” என்பார். அதற்கு மேல் மூச்சு விட மாட்டார்.

எனக்கு எரிச்சல் தொடங்கியது வேறொரு விஷயத்தில். முன்பெல்லாம் அத்தான் காலையில், “தலை எப்படி இருக்கு?” என்று கேட்பார். முள் வந்த பிறகும் கேட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே மூடியைத் திறப்பார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பதில் கிடைத்துவிடும். “நல்லாதான் இருக்கு, கடைவீதிக்குப் போயிட்டு வரலாமா?” என்று அக்கா கேட்ட நாளில், “வேண்டாம், மதியத்துக்கு மேல உனக்கு வரும்” என்றார். அவளும் சரி என்று போய்ப் படுத்தாள். வலி வந்ததா? வந்தது என்றாள். வராமல் எப்படி இருக்கும், வரும் வரும் என்று இருட்டில் படுத்துக் காத்துக்கொண்டிருந்தால்? போகப் போக, “எப்படிக்கா இருக்கே?” என்று நான் கேட்டாலே அவள் அத்தானின் சட்டைப் பையைப் பார்ப்பாள். தன் தலையைப் பற்றித் தனக்கே தெரியாதது மாதிரி.

“அத்தான், தலை அவளோடதா உங்களோடதா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“முள் பொய் சொல்லாது” என்றார் அவர், ரொம்பப் பெருமையாக.

வானம் துடைத்து விட்டது போல் இருந்த ஒரு நாள். பல நாளாகவே அப்படித்தான். முள் மேலே ஏறி அசையாமல் நின்றது. காலையில் நான் பால் வாங்கப் போகும்போது அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்திருந்தாள்.

“தலை வலிக்குதுங்க. எப்பவும் மாதிரி இல்ல, வேற மாதிரி இருக்கு” என்றாள் அத்தானிடம்.

அவர் மூடியைத் திறந்தார், தட்டினார், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அசையவே இல்லையே! நேத்து வெயில்ல நின்னு துணி எடுத்தே இல்ல, அதுவா இருக்கும். கொஞ்சம் படு, சரியாயிடும்.” அவர் குரலில் சந்தோஷம்கூட இருந்தது. முள் இறங்கவில்லையே, இது நிஜ வலி இல்லையே என்கிற சந்தோஷம். கடையைத் திறக்கப் போய்விட்டார்.

“என்னக்கா ரொம்ப வலிக்குதா, டாக்டரைப் பார்க்கலாமா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “முள் ஏறித்தாண்டி இருக்கு. அப்போ ஒண்ணும் இருக்காது.”

அத்தானை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அவளே அவள் தலையை நம்பவில்லை.

மதியம் திரைத்துணிக்கு அளவு கேட்க இறங்கிப் போனேன். அக்கா சமையலறையில் நின்று டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் டம்ளருக்குள் விழவில்லை, பக்கத்தில் விழுந்து மேடை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. “அக்கா!” என்றேன். திரும்பினாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை தொங்கியது. ஏதோ சொன்னாள், அதில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

படியில் நின்று கத்தினேன். அத்தான் ஏறி வந்தார், பார்த்தார், திரும்பி ஓடினார். ஷட்டரை இழுத்து விட்ட சத்தம் கேட்டது. எங்கள் மாடிப்படி பின்பக்கச் சந்தில் இறங்கும். அங்கேயே காரை வரவழைத்து அக்காவைத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டு போய்விட்டு, வெளியே வந்த டாக்டர் கேட்டார். “வலி எப்ப ஆரம்பிச்சது?”

“காலைல” என்றார் அத்தான்.

“காலைலயா? இவ்வளவு நேரம் ஏன் கூட்டிட்டு வரல?”

அத்தானின் கை சட்டைப் பைக்குப் போனது. “முள்ளு அசையல டாக்டர்” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருப்பார். மூளைக்குள் சின்ன ரத்தக்குழாய் ஒன்று கசிந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வார், ஆனால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் இருந்தேன். அந்த முதுகைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அக்காவுக்கு மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன். தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மொட்டை மாடிக் கொடிகளில் ஒரு துணி இல்லை. புத்தகக் கடை தார்ப்பாய்க்குள் இருந்தது. மெத்தைக் கடைக்காரர் பஞ்சையெல்லாம் உள்ளே அடைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் ஒரு தெரு முழுக்க, சாத்திய ஷட்டரைப் பார்த்தபடி மழைக்காகக் காத்திருந்தது.

மெத்தைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். “என்னம்மா, காலைலேர்ந்து இப்படிக் காயுது, அண்ணன் கடையைச் சாத்திட்டாரு. எப்பதான் வரும் மழை?”

“மழையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!” என்று கத்தினேன். “அவரு என்னிக்குய்யா மழைக்குச் சாத்தினாரு? எங்க அக்காவுக்குத் தலைவலி வந்தாச் சாத்துவாரு. இத்தனை வருஷமா அதுக்குத்தான் சாத்தினாரு. இன்னிக்கு அவ ஆஸ்பத்திரில கிடக்கறா!” நடுத்தெருவில் நின்று அழுதேன். அக்கா காப்பாற்றி வைத்த ரகசியம் என் வாயால் போயிற்று. போனதற்கு நான் வருத்தப்படவும் இல்லை.

அக்கா வீடு திரும்பப் பல நாள் ஆனது. வாய் நேராகிவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைக்கிற மாதிரி வந்தது. இடது கை விரல்கள்தான் சண்டித்தனம் செய்தன. அத்தான் பாரோமீட்டரை அலமாரியில், அந்தப் பழைய கண்ணாடிகளுக்குப் பின்னால், ஒளித்து வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக அக்காவைப் பிடித்துக்கொண்டார். “தலை வலிக்குதா? லேசா வலிக்குதா? வேற மாதிரி வலிக்குதா?” சாப்பிடும்போது கேட்பார், குளித்துவிட்டு வந்தால் கேட்பார், கடையிலிருந்து படியேறி வந்து கேட்பார். பதில் வர நேரமாகும், அதற்குள் பதறிப்போய் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

ஒருநாள் அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். “கேட்டா... பதில்... வர்ற வரைக்கும்... நில்லுங்க.”

அத்தான் நின்றார். அவள் மெதுவாகச் சொல்லி முடித்தாள். “அப்பவும்... நீங்க... நிக்கல.”

அந்த வீட்டில் அந்த நாளைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். அத்தான் அழுதார், அக்கா அழவிட்டாள். நான் மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் முள்ளைக் கேட்டு வாங்கினாள். அவர் தரவே மாட்டேன் என்றார், தூக்கி எறியப் போவதாகச் சொன்னார். அக்கா விடவில்லை. இடது கைக்கு வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பித்தளை மூடி இறுக்கமானது, கட்டை விரலால் நெம்பித்தான் திறக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து காலையில் அதை நெம்புவாள். முதலில் திறக்கவே இல்லை. பிறகு ஒருநாள் டக்கென்று திறந்தது. இடது கை நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள், முள்ளைப் பார்த்தாள். “துணி... காயப்போடலாம்னு... தெருவுக்குச் சொல்லுங்க” என்றாள்.

“உனக்கு எப்படி இருக்கு?” என்றார் அத்தான், டப்பாவைப் பார்க்காமல்.

“முள்... மழைக்கு. தலைக்கு... என்னைக் கேளுங்க.”

போன வாரம் நான் அங்கே இருந்தேன். முள் ஏறித்தான் நின்றது, நானே பார்த்தேன், வெயிலும் நன்றாக அடித்தது. அக்கா நெற்றியில் கை வைத்து, “வரும்போல... இருக்கு. பழைய... வலிதான்” என்றாள். அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. கீழே போய் ஷட்டரை இழுத்தார்.

நான் ஜன்னல் திரையை மூடப் போனேன். தெருவில் யாரும் துணி எடுக்க ஓடவில்லை. பஞ்சு அடிக்கிற சத்தம் நின்றது. மெத்தைக் கடைக்காரர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருமுனையில் கூவிக்கொண்டு வந்த வண்டிக்காரரைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். புத்தகக் கடை ரேடியோ அடங்கியது. கொடிகளில் துணி அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

“தெரு ஏன்... சத்தமே... இல்லாம இருக்கு?” என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி.

என் குட்டு வெளிப்பட்டது. அன்று நடுத்தெருவில் கத்தியதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, அத்தான் படியேறி உள்ளே வந்ததும் அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். நீளமான பேச்சு. நடுவில் ஒரு வார்த்தை கிடைக்காமல் தேடினாள். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அத்தான் வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை கதவருகே நின்றார்.

“மெத்தைக்காரர்கிட்ட... சொல்லுங்க. இன்னிக்கு மழை... இல்ல. பஞ்சை... நல்லாக் காயவைக்கட்டும். அடிக்கிறது மட்டும்... நாளைக்கு... வச்சுக்கட்டும்.”